ஒன்பதாம் பக்கத்துக் கரடி

கூப்பிட்டாம்பாளையத்தில் மனிதர்களைவிடத் தறிகள் அதிகம், தறிகளைவிடச் சத்தம் அதிகம், அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறி நின்று பேசிப் பேசி அந்த ஊர்க்காரர்களுக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், ஆசையைச் சொல்வதென்றாலும், சாமியிடம் முறையிடுவதென்றாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் உப்பு கேட்பதென்றாலும் தெருவின் இந்த முனையில் சொன்னது அந்த முனைக்குக் கேட்கும்படிதான் சொல்வார்கள் என்பதால், அங்கே ரகசியம் என்று எதுவும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரின் தொடக்கப் பள்ளிக்குத்தான் சீர்காழிப் பக்கத்திலிருந்து அஞ்சுகம் டீச்சர் மாற்றலாகி வந்தார். அவருடைய குரல், ஈரத்துணியைக் கொடியில் போடும்போது வருமே ஒரு சத்தம், அவ்வளவுதான் இருக்கும்.

பள்ளிக்கூடம் ஒரே ஓட்டுக் கட்டிடம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர், ஒன்பதே பிள்ளைகள். எதிரே முத்துக்குமாரசாமியின் தறிக்கூடத்தில் நாற்பது தறிகள் விடிந்ததிலிருந்து ஓடும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து காகிதம் வந்திருந்தது. லாரிகள் நிற்காமல் பறக்கிற அந்தச் சாலையைப் பெரியவர்களே தோளைத் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள். அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியும், நாற்பது தறிகளில் நான்கை ஒற்றை ஆளாக ஓட்டுகிறவளும், மூன்றாம் வகுப்பு சம்யுக்தாவின் அம்மாவுமான பாப்பாத்தி, ஊரில் கல்யாணமாகி வருஷங்களானவர்களை எல்லாம் தெருவில் நிறுத்தி, "ஏனுங்க, காலத்தோட ஒண்ணு பெத்திருந்தா இன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆயிருக்குமல்லங்க?" என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் அவளைக் கண்டாலே சந்து மாறிப் போகிற நிலைமை வந்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், சத்துணவு முடிந்த பிறகு, டீச்சர் அலமாரியிலிருந்து 'கொண்டைக் கோழி டவுனுக்குப் போகிறது' என்ற படப் புத்தகத்தை எடுத்தார். மாவட்டத்தில் எல்லாப் பள்ளிக்கும் வந்த புத்தகம்தான், எல்லாப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற புத்தகம்தான், இந்தப் பள்ளியில் மட்டும் இதுவரை யாரும் பிரித்ததில்லை. இருபத்து நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பெரிய படம், கீழே இரண்டு மூன்று வரி. பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, படம் அவர்கள் பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு டீச்சர் படிக்க, எதிரே நாற்பது தறிகளும் தடதடக்க, ஒன்பது பிள்ளைகளும் பக்கத்துக்குப் பக்கம் "கேக்குலீங் டீச்சர்" என்றார்கள். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி படித்தார். மறுபடி கேட்கவில்லை. இப்படியே ஒன்பதாம் பக்கம் வந்தது. ஒரு பஸ் நிறுத்தம், வரிசையில் கோழி, ஆடு, அணில், ஆமை, எல்லாருக்கும் பின்னால் கையில் மஞ்சப்பையோடு ஒரு கரடி.

"கேக்குலீங் டீச்சர்" என்றன ஒன்பது குரல்கள்.

"கேட்கவில்லை, டீச்சர்" என்றது பத்தாவதாக ஒரு குரல், சுத்தமான புத்தகத் தமிழில்.

"யாரது?"

"நான்தான். வரிசையில் கடைசியாக நிற்கிறேன். தாங்கள் படிப்பது இங்கே ஒன்றுமே விழவில்லை. வெளியே வந்து உட்காரட்டுமா?"

அந்த ஊருக்கு வந்து இரண்டு மாதமாகியும் ஒரு பிள்ளைகூட டீச்சரிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. கேட்டவுடன் மனசு குளிர்ந்து, கேட்டது யார் என்று யோசிக்குமுன்பே அவர் "வாப்பா" என்று சொல்லிவிட்டார். கரடி காகிதத்தைவிட்டுக் காலை எடுத்து வைத்தது. புத்தகத்தில் இருக்கும்வரை உள்ளங்கை அளவு, தரையில் இறங்கியதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை உயரம். நேரே போய்க் கடைசி வரிசையில், எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்துகொண்டது.

சம்யுக்தா எழுந்து போய் அதைச் சுற்றி வந்தாள். "டீச்சர், இவனுக்கு முதுகு இல்லீங். முதுகுல எழுத்து இருக்குதுங்" என்றாள்.

அது உண்மைதான். கரடிக்கு நீளம் இருந்தது, அகலம் இருந்தது, தடிமன் மட்டும் காகிதத்துக்கு எவ்வளவோ அவ்வளவே. நேரே பார்த்தால் கரடி. பக்கவாட்டில் திரும்பினால் ஆளே இல்லை. புத்தகத்தில் அது நின்ற இடத்தில் கரடி வடிவத்தில் ஓர் ஓட்டை விழுந்து, பின்னால் பத்தாம் பக்கத்தில் அந்த இடத்தில் அச்சாகியிருந்த வரிகள் அதன் முதுகோடு வந்துவிட்டன. டீச்சர் கரடியைத் திரும்பி நிற்கச் சொல்லிப் படித்தார்: "பஸ் கிளம்பிவிட்டது. 'நானும் வரலாமா?' என்று கேட்டது கரடி. ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கோழி சொன்னது, 'இடமில்லை, அடுத்த பஸ்ஸில் வா!'"

"அடுத்த பஸ் எப்போது, டீச்சர்?" என்று கேட்டது கரடி. "ஏழு வருடமாக நிற்கிறேன்."

டீச்சருக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். பதினொன்றாம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கோழி டவுனைச் சுற்றும், ஓட்டலில் சாப்பிடும், பச்சைக் குடை வாங்கும், ஆடும் அணிலும் ஆமையும் கூடவே ஆடிப் பாடும், புத்தகம் முடிந்துவிடும். அடுத்த பஸ் என்ற பேச்சே வராது. கரடியை எழுதியவரும் மறந்துவிட்டார், வரைந்தவரும் மறந்துவிட்டார். டீச்சர் புத்தகத்தை மூடி, "மீதியை நாளைக்குப் படிக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையில் பாப்பாத்தி வந்து கரடியை நேராக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை பார்த்தாள். "ஏனுங் டீச்சர், இவன் பேரைப் பதிவேட்டுல எழுதீட்டீங்களா?" என்றுதான் கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை. ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. கரடி எப்படி வந்தது என்று அரை நாள்கூட யாரும் பேசவில்லை. எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை மட்டும் ஒரு வாரம் பேசினார்கள். புத்தகம் அச்சாகி ஏழு வருஷம் ஆகியிருந்ததால் வயது ஏழு, ஆகவே இரண்டாம் வகுப்பு என்றும், அச்சகத்தின் முகவரியே பிறந்த இடம் என்றும், பதிப்பு வருஷம் போட்ட பக்கத்தின் நகலே பிறப்புச் சான்றிதழ் என்றும் முடிவானது. சமுதாயம் என்ற கட்டத்தில் கரடி என்று எழுதினால் பட்டியலில் இல்லை, எழுதாமல் விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்று கிராம நிர்வாக அலுவலர் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் 'தெரிவிக்க விருப்பமில்லை' என்று போட்டார். கைரேகை பதிய விரலை வைத்தபோது, வரைந்தவர் ரேகை போட மறந்திருந்ததால், இயந்திரம் மூன்று முறை "மீண்டும் முயலவும்" என்றது. சீருடைக்கு அளவெடுக்க வந்த தையல்காரர் முன்பக்கத்துக்கு மட்டும் துணி போதும், பின்பக்கம் தைத்தால் பத்தாம் பக்கம் மறைந்துவிடும் என்று சொல்லி, மார்பில் ஒரு சட்டையைக் கட்டிவிட்டுப் போனார்.

தொல்லைகள் இல்லாமலில்லை. ஆடிக் காற்றடித்தால் கரடி பறந்துவிடும், அதனால் முறை வைத்துப் பிள்ளைகள் அதன் இரண்டு காலிலும் ஒவ்வொரு செங்கல் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் வருகிற ஆடுகள் காகித வாசனை பிடித்துக்கொண்டு ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியதால், வாசலுக்குப் படல் கட்ட வேண்டி வந்தது. சாம்பார் தெறித்ததில் இடது காது மஞ்சளாகிவிட்டது. மழை வந்தால் அதைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்துவிடுவார்கள். சுருட்டினால் கூச்சமாக இருக்கிறது என்று அது சிரித்துக்கொண்டே இருக்கும். ஆவணி முடிவதற்குள் அதன் புத்தகத் தமிழ் கழன்று, "செரிங் டீச்சர்", "நெம்பக் குளுருதுங் டீச்சர்" என்று பேச ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அது மாறவில்லை. முன்னால் வந்து உட்கார் என்றால் வராது. "எனக்குக் கடைசிலதானுங்க எடம்" என்று பின்னாலேயே உட்காரும். உட்கார்ந்துகொண்டு, டீச்சர் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கேட்கவில்லை என்று சொல்லும். பிள்ளைகள் கேட்கவில்லை என்று சொன்னபோது டீச்சருக்கு எரிச்சல்தான் வந்தது. ஏழு வருஷம் நின்றவன் சொன்னபோது பாவமாக இருந்தது. அதனால் நாளுக்கு ஒரு நூலளவு குரலை ஏற்றிக்கொண்டே போனார். அதுவும் போதாதபோது பாப்பாத்தி தறிக்கூட முதலாளி முத்துக்குமாரசாமியிடம் போய், மத்தியானம் இரண்டரையிலிருந்து மூன்று மணிவரை தறியை நிறுத்தச் சொன்னாள்.

"ஒரு கரடிக்காக நாப்பது தறியை நிறுத்தோணுமா?" என்றார் அவர்.

"கரடி இல்லீனா பள்ளிக்கூடம் இல்லீங்க. பள்ளிக்கூடம் இல்லீனா நாங்க புள்ளைகளை ரோடு தாண்டி விட்டுப்போட்டு வரோணும், கொண்டு வரோணும். காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தறி நிக்குமுங்க. அதுக்கு இது தேவலைங்களா, இல்லீங்களா?"

முத்துக்குமாரசாமி கூரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கோழி வீட்டைப் பூட்டீட்டுத்தான் பஸ் ஏறுச்சா? அதையாச்சும் படிச்சாங்களா?" என்று கேட்டார். அவரும் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து கூப்பிட்டாம்பாளையத்தில் தினமும் அரை மணி நேரம் அமைதி உண்டானது. முதல் நாள் அமைதியில் சிலருக்குத் தலை சுற்றியது, ஒரு கைக்குழந்தை சத்தம் நின்ற பயத்தில் விழித்துக்கொண்டு அழுதது, தறிக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல்களில் வந்து நின்றார்கள், நின்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். டீச்சர் குரங்குக் கதை படித்தார், நிலாவைத் தேடிய எலியின் கதை படித்தார், மீசை வைத்த மீனின் கதை படித்தார். 'கொண்டைக் கோழி'யை மட்டும் பத்தாம் பக்கத்தில், கரடியைத் திருப்பி நிற்க வைத்து முதுகைப் படிப்பதோடு நிறுத்திவிடுவார். "அப்பறம் என்னாச்சுங்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், ஜன்னல்களிலிருந்து தறிக்காரர்கள் கேட்பார்கள். டீச்சர் நாளைக்கு என்று சொல்லிப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். கரடி மட்டும் அவசரப்படாது. காத்திருந்து பழகியது அது.

ஐப்பசியில் ஒரு நாள் பாப்பாத்தி பொறுக்கமாட்டாமல் வேலி ஓரமாக டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. "எத்தனை நாளைக்குங்க இழுப்பீங்க? அந்தப் புஸ்தகத்துல அப்படி என்னதானுங்க இருக்குது?"

டீச்சர் அவள் காதோடு வாயை வைத்துச் சொன்னார். "கடைசி வரைக்கும் அதுல கரடி வரவே வராது, பாப்பாத்தி. அடுத்த பஸ்ஸும் வராது. நான் எந்த வாயால அதைப் படிப்பேன்?"

சரியாக அந்த நொடியில் மணி இரண்டரை ஆனது. நாற்பது தறிகளும் ஒன்றாக நின்றன. பாப்பாத்திக்குத் தெரிந்த ஒரே குரலில், ஊருக்கே பொதுவான அந்தக் குரலில், அவள் கேட்டது அமைதியின் மேல் போய் விழுந்தது.

"என்னங் டீச்சர், கடைசில கரடியே இல்லீங்களா?"

தெரு முழுக்கக் கேட்டது. தறிக்கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் கேட்டது. டீச்சர் உள்ளே ஓடி வந்து பார்த்தபோது கரடி காலில் இருந்த செங்கல்களை நகர்த்தி வைத்துவிட்டு, மெல்லப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான், ஆளைக் காணவில்லை. பிள்ளைகள் காற்றைத் தடவித் தடவித் தேடினார்கள். சம்யுக்தா பெஞ்சுக்கு அடியில் புகுந்து கூப்பிட்டாள். முட்டையை உரித்து வைத்தார்கள். கரடி நேரே திரும்பவில்லை. பாப்பாத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் அருமைநாதன் வந்தார். பத்து இருக்கிறதா, மூடுவதா என்று தலையை எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். எண்ணினார். ஒன்பது. பதிவேட்டைப் பார்த்தார். பத்து.

"பத்தாவது பிள்ளை எங்கே?"

"இங்கதான் சார் இருக்கு" என்றார் டீச்சர். "பக்கவாட்டுல நிக்குது."

அலுவலர் முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறார். பேனாவின் மூடியைக் கழற்றியபடி, "முகம் காட்டாத பிள்ளையை வந்ததா எழுத முடியாதும்மா. விதி அப்படி" என்றார். பிறகு மேஜைமேல் கிடந்த புத்தகத்தைப் புரட்டி, ஓட்டையைக் கண்டு, "இதைக் கத்தரிச்சது யாரு?" என்றார்.

"யாரும் கத்தரிக்கலீங் சார், அவனேதானுங்க எறங்கி வந்தான்" என்றாள் சம்யுக்தா. "கதை கேக்கறதுக்கு."

"கேட்டானா?"

"முழுசா இன்னும் இல்லீங்."

அலுவலர் ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பதினொன்றாம் பக்கத்தைப் பார்த்தார். "முழுசாப் படிக்காம புத்தகத்தை ஏன் வெச்சிருக்கீங்க? படிங்க டீச்சர். நான் ஒரு மணிக்குக் கிளம்பணும்."

அஞ்சுகம் டீச்சர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றார். எதிரே தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டரைக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. படித்தால் அது மனசு உடைந்து போகும், படிக்காவிட்டால் ஒன்பது பிள்ளைகள் நாலுவழிச் சாலையில் நிற்க வேண்டும் என்று நினைத்தவருக்கு, இரண்டையும்விட, மூன்று மாதமாக ஒரு பிள்ளையை ஏமாற்றிக் காக்க வைத்தோமே என்பதுதான் பொறுக்கவில்லை. வாயை அகலத் திறந்தார்.

வந்த குரல் அவருக்கே புதிதாக இருந்தது. அது ஜன்னலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, நாற்பது தறிகளின் தடதடப்புக்குள் புகுந்து, நூலோடு நூலாக ஓடி, மறுபக்கம் வெளியே வந்தது. பாப்பாத்திதான் முதலில் தறியை நிறுத்தினாள், பிறகு பக்கத்துக்காரி, அவளுக்கு அடுத்தவர் என்று ஒவ்வொன்றாக நின்று, டீச்சர் பத்தாம் பக்கத்துக்கு வந்தபோது கடைசித் தறியை முத்துக்குமாரசாமியே நிறுத்தினார். ஓட்டை விழுந்திருந்த இடத்தை ஒன்பது பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொன்னார்கள். பிறகு யாரும் கேட்டிராத பதினொன்றாம் பக்கம் வந்தது. கோழி டவுனில் இறங்கியது, ஓட்டலில் சாப்பிட்டது, பச்சைக் குடை வாங்கியது, எல்லாரும் குடைக்குக் கீழே ஆடினார்கள். ஒரு வரியையும் விடாமல், எங்கும் குரலைத் தாழ்த்தாமல் படித்து, டீச்சர் "முற்றும்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

"அப்பறம்?" என்று ஒரு குரல் கேட்டது. கரும்பலகைக்குப் பக்கத்தில், டீச்சரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில், கரடி நேராகத் திரும்பி நின்றுகொண்டிருந்தது. கேட்பதற்காக அது முன்னால் வந்திருந்தது.

"அவ்வளவுதான்ப்பா" என்றார் டீச்சர். "முடிஞ்சுது. உன்னை அதுல சேர்க்காம விட்டுட்டாங்க. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அலுவலர் முன்னால் குனிந்தார். "தம்பி, நீ எந்த ஊருக்குப் போறதுக்காக அங்க நின்னே?"

"தெரியலீங்க சார்" என்றது கரடி. "முன்னால ஆமை நின்னுச்சுங். அதனால நானும் நின்னேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "குடை நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அஞ்சு பேருக்கு எடம் பத்தாதுங்க" என்றது.

தறிக்கூட ஜன்னலில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஊர் வழக்கப்படி பெரிதாகக் கேட்டது. முத்துக்குமாரசாமி கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அருமைநாதன் பேனாவை உதறி, நேராக நின்ற பத்துப் பேரையும் விரலைவிட்டு எண்ணி, அறிக்கையை எழுதி, விதிப்படி, தலைமையாசிரியருமான டீச்சர் முன்னிலையில் உரக்கப் படித்தார்: "பதிவேட்டில் பத்து, நேரில் பத்து. பள்ளி தொடர்ந்து இயங்கலாம். மாணவர்களில் ஒருவர் மிகவும் மெலிந்து காணப்படுகிறார், அவருக்குக் கூடுதலாக ஒரு முட்டை வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது."

அந்த அறிக்கையின்பேரில் பள்ளி நிலைத்தது. தினமும் ஒரு முட்டை அதிகமாக வந்தது. அடுத்த வருஷம் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம், பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நின்றபோது, டீச்சர் புத்தகத்தைத் திறந்து அந்த ஓட்டையைக் காட்டி, "உள்ள போறதுன்னா போப்பா. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்" என்றார்.

கரடி அதை எட்டிப் பார்த்தது. "நாளைக்கு எந்தப் புஸ்தகமுங் டீச்சர்?" என்று கேட்டது.

"நாளைக்கா? கழுதை கிணறு வெட்டின கதை."

டீச்சரின் குரல் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து, ஓடுகிற தறிகளுக்கு மேலே, பாப்பாத்தி கத்தினாள்: "ஏனுங் டீச்சர்! அதுலயாச்சும் கரடி வருதுங்களா, பாத்துச் சொல்லுங்க!"

டீச்சர் பதறிக்கொண்டு அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வேக வேகமாகப் புரட்டினார். கரடி அவர் கையின்மேல் தன் காகிதக் கையை வைத்து நிறுத்தியது.

"வராட்டிப் போகுதுங் டீச்சர்" என்றது. "நீங்க படிங்க."